அக்காவுக்கு ஐந்து ஊசி

மார்ச் 4
ஊசி. இன்று இடது தொடை. பிறவியிலேயே என் எலும்பு மஜ்ஜைக்கு வெள்ளையணுக்களை வளர்த்தெடுக்கத் தெரியாது. பதினேழு வயதிலிருந்து இந்த மருந்துதான் அதட்டி வளர்க்கிறது. வருடாந்திர மஜ்ஜைப் பரிசோதனை நாளை.

மார்ச் 19
டாக்டர் தாளில் ஒரு வட்டம் போட்டார். வெள்ளையணுவாம். அதன் மேல் கொக்கிபோல் ஒன்று: ஏற்பி. மருந்து அதில் ஒட்டினால்தான் ‘வளர்’ என்ற கட்டளை உள்ளே போகும். என் அணுக்கள் சிலவற்றில் ஏற்பியின் வால் அறுந்துவிட்டதாம். ‘வளர்’ கேட்கிறது, ‘போதும்’ கேட்பதில்லை.
“இப்படியே விட்டா ரத்தப் புற்றுநோயா மாறலாம். மஜ்ஜை மாத்திடுறது நல்லது. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?”
யாரும் இல்லை என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அம்மா, “ஒரு அக்கா இருக்கா” என்கிறாள்.

மார்ச் 20
அவளிடமிருந்து ஒரு சொட்டும் வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன், என் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் என் நோயைச் சொல்லிவிட்டு வந்தவள். கல்யாணம் அன்றே நின்றது. நானே சொல்லியிருக்க மாட்டேனா? — சொல்லியிருக்க மாட்டேன். அது என் விஷயம். அவ யாரு சொல்றதுக்கு?

ஏப்ரல் 2
எனக்குத் தெரியாமல் அம்மா அவளைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். முழுப் பொருத்தம். என் குறை அவளிடம் இல்லை. எல்லாவற்றிலும் கொடுத்து வைத்தவள்.

ஏப்ரல் 3
பேசவில்லை. அம்மாவோடும்.

ஏப்ரல் 27
மஜ்ஜை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். சாகப் பயம், வேறென்ன. அவள் என் அறைக்கு வரக் கூடாது என்று நர்ஸிடம் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.

மே 14
மருத்துவமனை. என் மஜ்ஜையை அழிக்கும் மருந்து ஏறுகிறது, ஓயாத குமட்டல். கீழ்த்தளத்தில் அவளுக்கு இன்று முதல் ஐந்து நாள் ஊசி. என் ஊசியேதான். புது ரத்தம் உண்டாக்கும் மூல அணுக்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குத் தள்ள. நன்றாகக் குத்தட்டும்.

மே 16
அவள் போன் செய்தாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.
“இடுப்பெலும்பு உள்ளேருந்து வெடிக்கிற மாதிரி இருக்கு. உனக்கும் இப்படித்தானா?”
“ஆமா.”
“இத்தனை வருஷமாவா?”
“ஆமான்னு சொன்னேனே.”
மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு நாள்கூட நீ சொன்னதில்லையே என்றாள். யாரு கேட்டீங்க? ஒருத்தராவது கேட்டீங்களா? என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

மே 19
அவள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அணுக்கள், ஒரு சின்னப் பை. நாற்பது நிமிடத்தில் ஏறி முடிந்தது.

ஜூன் 6
வெள்ளையணுக்கள் வந்துவிட்டன. தாமாகவே. அவளுடைய அணுக்கள், வால் அறுபடாத அவளுடைய ஏற்பிகள். டாக்டர் சிரிக்கிறார். எனக்கு எரிச்சல். அழுகையும் வந்து தொலைக்கிறது.

ஆகஸ்ட் 11
வீடு. அவள் வந்தாள். வந்ததும் ஜன்னலைத் திறந்தாள். தூசி வரும், மூடு என்றேன். மூச்சு முட்டுகிறது என்றாள். யாரையும் கேட்காமல் முடிவெடுப்பது உனக்குப் புதுசா என்றேன். அவளும் விடவில்லை.
“சொன்னது தப்புதான். உன்கிட்ட கேட்டிருக்கணும். ஆனா அந்த வீட்டுல ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊசி போட்டே செத்திருப்படி நீ.”
தலையணையை எறிந்தேன். திருப்பி எறிந்தாள். இருவருக்கும் தொண்டை கட்டும்வரை கத்தினோம். அம்மா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
செருப்பு மாட்டும்போது, அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டாள். வியாழக்கிழமை எட்டு மணிக்கு என்றேன். ஏழரைக்கே வந்துவிடு, அங்கே கூட்டமாக இருக்கும் என்றும் சொன்னேன்.