தொப்பிமேட்டை லாரியில் ஏற்றுகிறார்கள்

அனுப்புநர்:
விடூதே கெட்விலியேனே,
உஷ்பாலே கிராமம், லித்துவேனியா.

பெறுநர்:
தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: தொப்பிமேட்டில் சரளைக்கல் தோண்டுவதை நிறுத்தக் கோரி நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பழங்காலத்தில் கோட்டை இருந்த எங்கள் தொப்பிமேட்டின் கிழக்குப் பாதியை லாரிகள் அள்ளிப் போய்விட்டன. தங்கள் பதிவேட்டில் அது வெறும் மண்மேடு. தாங்கள் பாதுகாப்புக் கல் நட்டிருப்பது பக்கத்து மேட்டில். அங்கே ஸ்டான்குஸ் வீட்டாரின் உருளைக்கிழங்குதான் அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது.

2. பிழை தங்களுடையதல்ல, எங்கள் ஊருடையது. வீரர்கள் தங்கள் தலைவனின் உடல்மேல் தொப்பி தொப்பியாக மண் கொட்டி எழுப்பிய மேடு இது என்பார்கள். அதை நோக்கி விரல் நீட்டினால், உள்ளே கிடப்பவன் எழுந்து வந்து, நீட்டியவர் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிப் போவானாம். ஆகவே வெளியார் யார் கேட்டாலும் பக்கத்து மேட்டைக் காட்டிவிடுவது வழக்கம். சோவியத் காலத்தில் வந்த நில அளவையாளருக்கும் அதையே காட்டினார்கள்.

3. சென்ற ஆகஸ்டில் தங்கள் ஆய்வாளர் வந்து விசாரித்தார். தேவாலயத்தில் மணியடிக்கும் ஸ்டாசிஸ், "அதோ, அந்த மேடுதாங்க. கல்லுகூட நட்டு வச்சிருக்கீங்களே!" என்று உருளைக்கிழங்கு மேட்டைக் காட்டினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் ஒருத்திதான் தொப்பிமேட்டை நோக்கி விரல் நீட்டினேன். பக்கத்து வீட்டு மார்சே என் கையைப் பிடித்து இழுத்து, "பைத்தியமாடி உனக்கு? புருஷன் படுத்த படுக்கையாக் கெடக்கான், வெரல நீட்டுறியே!" என்று கத்தினாள். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே, ஒருவரைத் தவிர ஊரார் அனைவரும் ஒரே கருத்துடையவர்கள் என்று எழுதிக்கொண்டு போனார்.

4. கிழங்கு தோண்டும் சமயத்தில் என் கணவர் யுஸ்டாஸ் இறந்துவிட்டார். நுரையீரல் கெட்டுப்போனதால் என்றார் டாக்டர். நான் டாக்டரை நம்புகிறேன். ஊர் நம்பவில்லை. சவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டிய அண்டை வீட்டார் ஒருவரும் வரவில்லை. தெரிந்தவரை நானே பாடினேன். அழுகையில் பாதிப் பாட்டு மறந்துபோயிற்று.

5. பலன் இருக்கும் என்று நம்பி இதை எழுதவில்லை. முந்தைய மூன்று மனுக்களுக்கும் 'அவ்விடத்தில் தொன்மைச் சின்னம் ஏதுமில்லை' என்ற ஒரே பதில்தான் வந்தது. ஆனால் லாரி போன வழியெல்லாம் பானை ஓடும் கரிக்கட்டையும் சிதறிக் கிடக்கின்றன. மேற்குப் பாதி இன்னும் நிற்கிறது. மண்ணைப் பார்த்தால் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவரை அனுப்பி, அதையாவது காப்பாற்றித் தருமாறு மன்றாடுகிறேன். மறுபடியும் விரல் நீட்டிக் காட்டச் சொன்னால் காட்டுகிறேன். கூட்டிப் போக என் வீட்டில் இனி நான் மட்டுந்தான் இருக்கிறேன்.

இடம்: உஷ்பாலே
நாள்: 11.11.2003

இப்படிக்கு,
வி. கெட்விலியேனே
(கையொப்பம்)