சாமிக்கே வாய்தா கொடுத்தேன்

என்னை 'வாயாடி' என்றே கூப்பிட்டுப் பழகிப்போன என் வீட்டுக்காரருக்கு,

முதல்ல ஒரு விஷயத்தை நானே சொல்லிடறேன், வேற யாராவது மேல வந்து போட்டுக்கொடுக்கிறதுக்கு முன்னாடி. நீங்க போன நாளுக்கு மாதா கோயில்ல நடந்த வருஷப் பூசையில நான் தூங்கிப்போயிட்டேன். தூங்கினதோட நின்னிருந்தா பரவாயில்லை. குறட்டை விட்டேனாம். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திட்டுப் பார்த்தாராம். பக்கத்து வீட்டு மீனாட்சியக்கா, வேற சாமி கும்பிட்டாலும் உங்களுக்காக வந்து முட்டி போட்ட மனுஷி, என் விலாவுல இடிச்சு, "அடியே அற்புதம், இது யாருக்கு வெச்ச பூசை? உனக்கா உன் ஊட்டுக்காரருக்கா?" என்று கேட்டப்பதான் முழிச்சேன்.

அதுக்கப்புறம்தான் கோயில்ல அச்சடிக்கிற மலருக்கு உங்களைப் பத்தி நாலு வரி எழுதித் தரச் சொன்னாங்க. நான் படிச்சது அஞ்சாவது. ஆனா நாலு வரியில நிறுத்தற ஆளா நான்? உங்களுக்குத்தான் எழுதறேன். மத்தவங்க எட்டிப் பார்க்கிறதுன்னா பார்த்துக்கட்டும்.

அசதிங்க. வேற ஒண்ணும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி மெஸ்ஸுல அடுப்பு மூட்டணும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிப் பசங்க வந்து உட்கார்ந்து, "அக்கா, சாம்பார்ல பருப்பைத் தேட டார்ச் லைட் குடு" என்பானுங்க. "பருப்பு இன்னிக்கு லீவுடா, நாளிக்கு ஷிப்டுக்கு வரும்" என்பேன். அவனுங்க சிரிப்பானுங்க. நானும் சிரிப்பேன். அவனுங்க போனதும் அண்டாவைப் பார்த்தா, அதை யாராவது கழுவி வெச்சிட மாட்டாங்களான்னு இருக்கும். நிம்மி இருந்தா கழுவிடுவாள். இப்ப நிம்மி இல்ல.

பதறாதீங்க. நல்லாத்தான் இருக்காள். நம்ம பொண்ணு வக்கீலுக்குப் படிக்க இங்கிலாந்து போயிட்டாள். எந்த ஊருக்குப் போனாள் என்கிறதுலதான் இந்த வீட்டுல ஒரு பெரிய கூத்தே நடந்துச்சு.

பி.ஏ. முடிச்சதும் உங்க ரெஜினா அக்கா, அதான் என் அண்ணி, அங்கிருந்து எழுதிப் போடச் சொன்னாங்க. நர்ஸாப் போய் அங்கேயே வேர் விட்டவங்க, வழி தெரியும். ரெண்டு யூனிவர்சிட்டியில இடம் கிடைச்சுது. ஃபீஸை ரெண்டு பேருமே தள்ளுபடி பண்ணிட்டாங்க. சோறும் படுக்கையும்தான் பாக்கி. ஒண்ணு, அண்ணி இருக்கிற ஊரு. அவங்க வீட்டுலயே தனி ரூமு, சுடச்சுட சோறு. இன்னொண்ணு வடக்கே, தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு கிடையாது. ஹாஸ்டல்ல தங்கி, சாயங்காலத்துல எங்கேயாவது ஓட்டல்ல தட்டு கழுவிச் சாப்பாட்டுக்குப் பார்த்துக்கணும். ரெண்டு இடத்துல இருந்தும் கலர் புஸ்தகம் வந்துச்சு. அண்ணி ஊரு புஸ்தகத்துல பிள்ளைங்க எல்லாம் புல்லுல படுத்துச் சிரிக்குதுங்க. வடக்கு ஊருல ஒரு கல்லுக் கட்டடம், மழை, குடை. படம் எடுக்கிற அன்னிக்குக்கூட வெயில் அடிக்காத ஊருக்கு யாருங்க பொண்ணை அனுப்புவா?

நானும் அப்படித்தான் நினைச்சேன். அண்ணி வீட்டுச் சோத்துல ஒரு முள்ளு இருந்துச்சு, அதுக்குப் பேரு கென்னி. அவங்க பையன். உரிமையுள்ள அத்தை மகன். "சொந்தத்துல கட்டறதுக்கு பிஷப்புகிட்ட பர்மிஷன் வாங்கறதெல்லாம் என் பொறுப்பு, பொண்ணு படிப்பை முடிச்சிட்டு இங்கேயே செட்டில் ஆயிடட்டும்" என்று அண்ணி போன்ல சொல்லிட்டாங்க. போன தடவை வந்தப்ப நிம்மிக்கு ரெண்டு கம்பளி ஸ்வெட்டர் கொடுத்துட்டுப் போனாங்களே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நம்ம வெயிலுக்கு யாராவது ஸ்வெட்டர் கொடுப்பாங்களா?

கென்னி நல்ல பையன்தான். இங்க வந்திருந்தப்ப நம்ம குழாத் தண்ணியைப் பார்த்து சிலுவை போட்டுக்கினான், அது ஒண்ணுதான் குறை.

இதுல நம்ம வக்கீல் வேற. அதாங்க, உங்க வலது கையைக் கம்பெனி பவர் பிரஸ் மிஷின் கடிச்சதுக்கு நஷ்ட ஈடு கேட்டு நாம பிடிச்ச அந்த வராத வக்கீல். வாய்தாவுக்குப் போன இடத்துல அதிசயமா வந்திருந்தார். "சார், அங்க படிச்சுட்டு வந்தா இங்க கோர்ட்டுல நிக்க முடியுமா?" என்று ரெண்டு ஊர் பேரையும் காட்டினேன். வடக்கு ஊர்ப் பட்டம் இங்க செல்லும், அண்ணி ஊர்ப் பட்டம் செல்லாது என்றார். அவர் சொல்லி எது நடந்திருக்கு? நிம்மி டில்லி பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டாள். அதையேதான் சொன்னாங்க.

அதோட நான் வடக்குப் பக்கம் சாய்ஞ்சுட்டேன். இந்தப் பொண்ணு எதுக்கு வக்கீல் ஆகணும்னு கிளம்பினாள், உங்களுக்குத் தெரியாதா? கேஸ் ஆரம்பிச்சப்ப எட்டாவது. யூனிபாரத்தோட உங்க கூட வருவாள். ரெண்டு பக்கத்து வக்கீலும் ஜட்ஜும் உங்களைப் பத்தித்தான் இங்கிலீஷுல பேசுவாங்க. நீங்க குனிஞ்சு, "நிம்மிம்மா, என்னைப் பத்தி இன்னா சொல்றாங்க?" என்பீங்க. அவளுக்கும் புரியாது. கையில இருக்கிற பஸ் டிக்கெட்டை மடிப்பாள், மடிப்பாள், பொட்டு மாதிரி ஆகிற வரைக்கும் மடிப்பாள். பக்கத்துல உட்கார்ந்து நான் பார்த்திருக்கேன். அவ காலேஜுல சேர்ந்தாள். கேஸ் முடியல, நீங்க முடிஞ்சுட்டீங்க.

அப்படிப்பட்டவள், "அத்தை ஊருக்கே போறேம்மா, உனக்கும் கவலை இருக்காது" என்றாள். நான் வடக்கு என்கிறேன், அவ அத்தை என்கிறாள். அண்ணி போன்ல தீர்ப்பு சொன்னாங்க: "ஏன் அடிச்சுக்கிறீங்க? மாதா முன்னாடி திருவுளச் சீட்டு போடுங்க. ஆண்டவர் சொல்லட்டும்."

போட்டோம். செபமாலை முடிச்சு, ரெண்டு துண்டுல ரெண்டு ஊர் பேரை நிம்மி எழுதிச் சுருட்டி, மாதா சுரூபத்துக்கு முன்னாடி கிண்ணத்துல வெச்சாள். எந்தச் சீட்டு வருதோ அதுக்கு மேல பேச்சு கிடையாது, அதான் முறை. எடுக்கிறதுக்கு மீனாட்சியக்காவைக் கூப்பிட்டேன். அதுக்கு எல்லாச் சாமிகிட்டயும் பயம், திருட்டுத்தனம் பண்ணாது.

"உங்க சாமிக்கு எந்தக் கையில எடுக்கணும்?"

"பால் பாக்கெட் எடுக்கிற மாதிரி எடுக்கா."

நிம்மி பிரிச்சாள். "அத்தை ஊரு" என்று சிரிச்சாள். பல்லு வலியோட போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

"சரியா குலுக்கல. இன்னொரு தபா எடுக்கா" என்றேன்.

"அம்மா! அப்படில்லாம் செய்யக் கூடாது!"

"நீ கம்னு இரு."

மறுபடியும் அத்தை ஊரு. மீனாட்சியக்கா கன்னத்துல போட்டுக்கிச்சு. "உன் சாமி ஒரே பேச்சா நிக்குது அற்புதம்."

நிம்மி அந்தச் சீட்டை மடிச்சாள். மடிச்சாள். பொட்டு மாதிரி மடிச்சாள்.

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, எழுந்து நின்னேன். "ஆண்டவரே, என் ஊட்டுக்காரர் கேஸுக்காக உன்கிட்ட எத்தினி தபா வந்து நின்னேன்? ஒவ்வொரு தபாவும் நீ வாய்தாதானே குடுத்த? நான் ஏதாவது கேட்டேனா? இப்ப உன் தீர்ப்புக்கு நான் வாய்தா குடுக்கறேன். இவ படிச்சு முடிச்சு வரட்டும், அப்பால வெச்சுக்கலாம் விசாரணையை" என்று மெழுகுவத்தியை ஊதிட்டேன்.

மீனாட்சியக்கா செருப்பைக்கூட மாட்டாம ஓடிப்போச்சு.

நிம்மி சிரிச்சாள். சிரிக்கச் சிரிக்க அழுகையா ஆயிடுச்சு. "எனக்கு அத்தை ஊருக்குப் போவ இஷ்டமே இல்லம்மா. நீ நிம்மதியா இருப்பேன்னுதான் சொன்னேன்."

"என் நிம்மதிக்கு நீ கென்னியைக் கட்டிக்கினா, அவன் நிம்மதிக்கு யாருடி பொறுப்பு?"

"அங்க நான் தனியா தட்டு கழுவிப் பொழைச்சுக்குவேனா?"

"பொறந்ததுல இருந்து மெஸ்ஸுல அதுக்குத்தானே ட்ரெய்னிங் குடுத்திருக்கேன்?"

"நீ தனியா இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன். தூங்குவேன்."

மறுநாள் பூத்துக்குப் போய் அண்ணிக்குப் போன் போட்டேன். "சீட்டு உங்க பக்கம்தான் வந்துச்சு அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். நான்தான் ஒத்துக்கல. பொண்ணு திரும்பி வரணும். அவங்க அப்பா நின்ன கோர்ட்டுல நிக்கணும்" என்றேன். மிஷின்ல காசு ஏறுற சிவப்பு நம்பர் மட்டும் ஓடுது.

"அண்ணி, கோவப்படறதுன்னா நீங்க போன் பண்ணிக் கோவப்படுங்க. இது என் செலவு."

"செத்தாலும் உன் வாய் அடங்காதுடி" என்று வெச்சிட்டாங்க. சிரிச்சாங்களா, அழுதாங்களா, தெரியல. ஆனா அங்க ஏர்போர்ட்டுக்கு வந்து நிம்மியை வடக்கு ரயில்ல ஏத்தி விட்டது அவங்கதான். உங்க அக்கா இல்லையா?

இப்ப வீடு சத்தமில்லாம இருக்கு. ரேடியோ பாடுது, அதுக்கு யாரும் எதிர்ப்பாட்டு பாடறதில்ல. மத்தியானத்துல அண்டாவுல சாய்ஞ்சு உட்கார்ந்தா யோசனை வருது. சாமி ரெண்டு தடவை சொன்னதை மீறிட்டேனே, சரியா செஞ்சேனா? அந்த மழையில அவ ஒண்டியா நடக்கிறப்ப என்னைத் திட்டிக்கினு நடப்பாளா? நீங்க இருந்திருந்தா எந்த ஊர்ன்னு சொல்லியிருப்பீங்க? எப்பவும் போல, "உன் இஷ்டம் வாயாடி"ன்னு துண்டை உதறிட்டுப் போயிருப்பீங்க, அதானே?

உங்க கேஸ் இன்னும் நடக்குது. அவ படிச்சுத் திரும்பி வர்றதுக்குள்ள அது முடிஞ்சுடுமோன்னு மட்டும் எனக்குப் பயமில்ல. அந்த ஒரு விஷயத்துல நம்ம கோர்ட்டை நான் முழுசா நம்பறேன்.

ஒரு சத்தியம் பண்றேன். நிம்மி கறுப்புக் கோட்டு போட்டு வந்து, உங்களைப் பத்தி அவங்க பேசறதை எனக்குத் தமிழ்ல சொல்ற நாள் வரைக்கும், ஒரு வாய்தாவையும் விடாம அந்த பெஞ்சுல போய் உட்காருவேன். தூங்க மாட்டேன். தூங்கினாலும் குறட்டை விட மாட்டேன்.

சொல்ல மறந்துட்டேன். நிம்மி கிளம்பின அன்னிக்கு, அண்ணி கொடுத்த ஸ்வெட்டர் ஒரு மஞ்சப்பையில இருந்துச்சு. மெஸ்ஸுல பாத்திரம் தேய்க்கிற சாம்பல் இன்னொரு மஞ்சப்பையில இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல ஒரு பையை எடுத்துப் பெட்டியில வெச்சது நான்தான். அங்க ஏர்போர்ட்டுல பெட்டியைத் தொறந்து சாம்பலைப் பார்த்த ஆபீசருங்க, தொப்பியைக் கழட்டிட்டு, "உங்க அப்பாவா?" என்று கேட்டாங்களாம். இல்ல, பாத்திரம் தேய்க்க என்றாளாம். ஸ்வெட்டர் இங்க இருக்கு.

இன்னும் உங்க வாயாடியும்,
உங்க அக்காவுக்கு அடங்காத தம்பி பொண்டாட்டியும்,
நிம்மி அம்மாவுமான
அற்புதம்