பதினைந்து நிமிடம்

மார்ச் 4

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? வயர்லெஸ்ஸில் நாம் பேசுவதெல்லாம் உன் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகிறது. அதனால் மனத்தாங்கலைக் காகிதத்தில்தான் கொட்ட வேண்டியிருக்கிறது.

நேற்று மூழ்கிய படகைத் தேடி, அலையில் அடிபட்டு மீட்புப் படகில் நான் போய்ச் சேர்ந்தால், "ஹெலிகாப்டர் வந்துருச்சு, அரை மைல் தள்ளி நில்லுங்க" என்றாய். வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பவன் மாதிரி நின்றேன். தண்ணீரில் கிடந்த நாலு பேரையும் அந்தப் பைலட் கயிற்றில் தூக்கிக்கொண்டு போனான். "ரொம்ப நன்றி சார்" என்று அவனிடம் குழைந்தாயே, என்னிடம் ஒருநாளாவது சொன்னதுண்டா? வயிறு எரிகிறது. ஒளிப்பானேன்?

உன் படகுக்காரன்

மார்ச் 9

என்னங்க,

வாசித்ததும் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஹெலிகாப்டர் காற்றில் உங்கள் படகு கவிழக் கூடாதென்றுதான் தள்ளி நிற்கச் சொல்கிறோம். அவர் ராணுவத்துக்காரர், நாங்கள் கேட்டு வாங்குகிற உதவி. வெளியாளுக்கு நன்றி சொல்லித்தானே ஆக வேண்டும்? நீங்கள் என் வீட்டு ஆள். உங்களிடம் இரண்டு வார்த்தை கூடப் பேசினால் என் குரல் நடுங்கிவிடும். அறையில் ஆறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் வெடுக்கென்று முடிக்கிறேன்.

அந்தப் பைலட்டுக்குப் பேரப்பிள்ளையே இருக்கிறது, போதுமா?

உங்கள் வெடுக்குக்காரி

மார்ச் 17

கண்ணே,

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. இரண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பி இரண்டு பேர் படகு கவிழ்ந்து தண்ணீரில் கிடந்தபோது, வந்து சேர இருபது நிமிடம் ஆகும் என்றது ஹெலிகாப்டர். என்னிடம் கேட்டாய். நாற்பது ஆகும் என்று தெரிந்தே பதினைந்து என்றேன். இந்தத் தடவை அவனை முந்த வேண்டும் என்ற வெறி. நீ ஹெலிகாப்டரைத் திருப்பி அனுப்பினாய். அப்புறம் நீ கேட்டபோதெல்லாம் "இதோ, நெருங்கிட்டோம்" என்றேன்.

நாற்பது நிமிடம் கழித்துத் தம்பியை மட்டும்தான் தூக்கினோம். "அண்ணன் இப்பதாங்க கைய விட்டாரு" என்றார்.

எதிர் நீரோட்டத்தால் தாமதம் என்று அறிக்கை எழுதிவிட்டேன். உண்மை உனக்கு மட்டும். வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன்னுடையவன்

மார்ச் 21

படகுத் தலைவர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தம்பி இங்கே வந்திருந்தார். வந்துகொண்டிருந்த ஹெலிகாப்டரை ஏன் திருப்பினீர்கள் என்று என்னைத்தான் கேட்டார்.

பாப்பா நீங்கள் எப்போது வருவீர்கள் என்கிறாள். நீங்கள் ஒரு நேரம் சொன்னாலும் இனி அதை நம்பி அவளிடம் சொல்ல என்னால் முடியாது.

என்னிடமிருந்து ஒரு நன்றியை ஆசைப்பட்டுக் கேட்டிருந்தீர்கள். உண்மையை எழுதியதற்கு, ரொம்ப நன்றி சார்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு அறை