நான் வேலை செய்து உங்களுக்கு வாங்கிய கட்டில்

அப்பா,

இந்த வாரம் படிக்கட்டுக் கழுவும் முறை எங்களுடையது. கீழ்வீட்டுக்காரர் முறை எழுதிய மட்டையை எங்கள் கதவுப்பிடியில் கொழுவிவிட்டுப் போயிருந்தார். ஒஸ்லோவின் ரொம்மனில் இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து அந்த வேலையை நான் தொட நீங்கள் விட்டதேயில்லை. "அதை வை, நான் செய்யிறன்" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. வாளியில் சுடுதண்ணீர் பிடித்து, நீங்கள் பாதியில் விட்டுப்போன பச்சைச் சோப்புப் போத்தலைத் திறந்தேன். பைன்மர வாசனை. உங்கள் வேலைச் சட்டையின் வாசனை. அதோடு, நான் நினைக்க விரும்பாத ஒரு மலைக் குடிலின் சாப்பாட்டுக் கூடமும் படியேறி வந்தது.

ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய கோடை அது. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, முதுகில் பையோடு ஒஸ்லோவிலிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தேன். நெடுந்தூரம் நடப்பவர்களுக்குச் சில குடில்களில் ஒரு வழக்கம் உண்டு. விறகு பிளந்தால், பாத்திரம் கழுவினால், தரை துடைத்தால் அன்றைக்குச் சாப்பாடும் படுக்கையும் தருவார்கள். தொலைபேசியில் அதை உங்களிடம் சொன்னேன்.

"ஆக்களுக்கு வேலை செய்தே படுக்கிறனி?"

"ஓம் அப்பா. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்."

"குளிருதோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அப்படி ஒரு குடிலில் இரண்டு நாள் வந்து நிற்கச் சொல்லி உங்களை நான்தான் கெஞ்சினேன். ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிய வருடங்களையும் ஒஸ்லோவில் அலுவலகங்கள் துடைத்த வருடங்களையும் சேர்த்தால், இந்த நாட்டுக்கு நீங்கள் வந்து இருபது வருடத்துக்குக் கிட்ட. ஒரு மலையிலும் ஏறியதில்லை. நீங்கள் வருவீர்கள் என்று நான் நம்பவுமில்லை. பஸ்ஸிலிருந்து புதுச் சப்பாத்தோடு இறங்கினீர்கள், கையில் ஐஸ்கிரீம் டப்பா நிறையப் புட்டும் மீன்குழம்பும். ஒன்றரை மணி நேர ஏற்றத்தில் நாலு தரம் நின்றீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லாமல், ஒவ்வொரு தரமும் காட்சியைப் பார்ப்பதுபோல நின்றீர்கள்.

"இவ்வளவு கல்லையும் ஆரடி பிள்ளை கொண்டுவந்து கொட்டினது? ஒருத்தரும் கூட்டி அள்ளேல்லையே?"

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

குடிலைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடம் நான் முன்னமே பேசியிருந்தேன். இரண்டு பேருக்கான வேலையை நானே செய்வேன், அப்பாவுக்கு ஏரி தெரிகிற சன்னலோரக் கட்டில் வேண்டும் என்று. ஒரு மகள் தகப்பனுக்குச் செய்யக்கூடியதில் இதைவிட நல்லது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் நீங்கள் படுத்திருக்க வேண்டும். வேறொருவர் வேலை செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மறுநாள் மழை. நடக்கப் போக முடியாமல் எல்லோரும் கூடத்திலேயே இருந்தார்கள், மர வாங்குகளில் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து, சீட்டு விளையாடிக்கொண்டும் கோப்பி குடித்துக்கொண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் வாளியும் துணியுமாக முழங்காலில் இருந்து தரை துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மேல்மாடியில் நித்திரை என்று நினைத்திருந்தேன். நிமிர்ந்தபோது படியடியில் நின்றீர்கள்.

"எழும்பு."

"அப்பா, இது எல்லாரும் செய்யிறது. இஞ்சை நிக்கிற, டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையும் காலமை கக்கூஸ் கழுவினவள்."

"அவள் கழுவலாம். அவளின்ர தகப்பன் கழுவேல்லை."

குரலை உயர்த்தவில்லை நீங்கள். குனிந்து என் கையிலிருந்த துணியை வாங்கினீர்கள். நான் இழுத்துப் பிடித்திருக்கலாம். "உங்கட கட்டிலுக்குத்தான் இந்த வேலை" என்று சொல்லியிருக்கலாம். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. துணியை விட்டுவிட்டு, அவர்களோடு வாங்கில் போய் இருந்தேன்.

நீங்கள் சம்பளத்துக்குச் செய்கிற வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விடிய ஐந்து மணிக்குப் போவீர்கள், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருப்பீர்கள். இடையில் நடந்ததை முதல்முறை பார்த்தேன். தண்ணீரை மாற்றினீர்கள். துணியை மூலையில் சாத்தியிருந்த தும்புத்தடியில் சுற்றினீர்கள். சன்னலில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நடந்தபடி, ஒரு துளியும் சிந்தாமல், அந்த முழுக் கூடத்தையும் பத்து நிமிடத்தில் துடைத்தீர்கள். நான் துடைத்த பகுதியையும் திரும்பத் துடைத்தீர்கள்.

நீங்கள் கிட்ட வர வர அவர்கள் காலைத் தூக்கினார்கள். பேச்சை நிறுத்தாமல், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தூக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் நீங்கள் "தக்" என்றீர்கள். நன்றி, நன்றி. துடைக்கிறவர் நன்றி சொல்ல, உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

என் வாங்குக்கும் வந்தீர்கள். நானும் காலைத் தூக்கினேன், அப்பா.

நீங்கள் நிமிரவில்லை. எனக்கும் "தக்" என்றீர்கள்.

பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்று சொன்னீர்களா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். கேட்பதற்கு மூன்று வருடம் இருந்தது, நான் கேட்கவில்லை. சீட்டு விளையாடிய ஒருவன், கோடை முழுக்க இந்த ஆள் இங்கேதான் வேலையா என்று விசாரித்தான். இல்லை, விருந்தாளி என்றாள் குடில்காரப் பெண். அவர் என் அப்பா என்று நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லையே என்பதுதான் அன்று எனக்கு நான் சொன்ன சமாதானம்.

இரண்டாம் இரவுக்கு நிற்கவில்லை நீங்கள். "அம்மா தனிய" என்றீர்கள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. பஸ்ஸடி வரை எனக்கு முன்னால் இறங்கி வந்து, ஏறும்போது சொன்னீர்கள்: "நீ நட பிள்ளை. விருப்பமான தூரத்துக்கு நட. கழுவாதை."

ரொம்மனுக்குப் போய் எல்லோரிடமும், மகள் மலையில் பெரிய ஹோட்டலில் நிற்கிறாள் என்று சொன்னீர்கள். ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமர்த்திய வீட்டில் ஒரு மாமி என்னிடம் அந்த ஹோட்டலின் பெயரைக் கேட்டார். நான் ஒரு பெயர் சொன்னேன். உங்கள் பொய்க்கும் நான்தான் துணை.

இந்தப் பெப்ரவரியில் நீங்கள் போனபோது, ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டைப்பையில் மூன்று அலுவலகங்களின் சாவிக்கொத்து இருந்தது. எல்லோரும் உங்கள் உழைப்பைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளைக்காக, என் பிள்ளைக்காக என்று எல்லாவற்றையும் கொடுத்தீர்கள். அந்தப் பிள்ளை ஒருமுறை, ஒரேயொரு முறை, ஒரு கட்டில் வாங்கித் தந்தபோது இரண்டு நாள்கூட அதில் படுக்க உங்களுக்கு மனமில்லை. கொடுப்பதை வாங்கத் தெரியாதவரிடம் பிறந்த பிள்ளைகள் எதை எங்கே கொண்டுபோய் வைப்பது? செத்த மனிதரோடு இப்படிக் கணக்குத் தீர்ப்பது சரியில்லை என்று தெரியும். என்றாலும் இந்தக் குறையை நான் விடமாட்டேன். நான் காலைத் தூக்கிய குறையை நீங்கள் விட்டிருப்பீர்களா என்றும் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு நாலாம் மாடியில் தொடங்கினேன், உங்களைப்போலவே பின்னால் இறங்கியபடி. இரண்டாம் மாடியில், மேல்வீட்டுப் பெண் கடைப்பைகளோடு ஏறி வந்தாள். யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டே, ஈரத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"தக்" என்றேன்.

உங்கள் குரலில் வந்தது, அப்பா. நானும் நிமிரவில்லை.