படத்திலும் இல்லை, கதையிலும் இல்லை

8.9.91, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல இருட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவியதில் கையெல்லாம் கறை. மயில்கழுத்து நிறப் புடவை. அம்மா எடுத்து வைத்தது, எனக்குப் பிடிக்காதது.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மணிமங்கலத்துப் பெரியம்மா கொண்டுவந்த இடம். பையன் பெயர் தணிகாசலம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். கொஞ்சம் நிலம். அப்பா இல்லை, அம்மா மட்டும். கறுப்பு. உயரம் பரவாயில்லை. மீசை, யாரோ அவசரத்தில் ஒட்டிவிட்டுப் போனது போல.

நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். புத்தகம் படிக்கிறவராக இருக்க வேண்டும். அதைச் சொன்ன அன்றைக்கே அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "குடிக்காதவனா கேளு, சீட்டாடாதவனா கேளு. இவ இன்னாடான்னா புக்கு படிக்கிறவன் வேணுமாம்." பெரியம்மா மட்டும், "நம்ம பையன் எந்நேரமும் புக்கும் கையுமாத்தான் கீறான்" என்று சத்தியம் செய்தாள்.

பின்பக்கம் துவைக்கிற கல்லருகே தனியாகப் பேச விட்டார்கள். என்ன படிப்பீர்கள் என்று கேட்டேன். மங்களம் கதையைச் சொன்னார்! வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது அத்தை கிழித்துக் கிழித்துச் சேர்த்து, பைண்ட் போட்டு எனக்குக் கொடுத்த அதே கதை. எனக்கு அரைகுறையாக மனப்பாடமே ஆன கதை. காதில் தேன் பாய்ந்தது என்று எழுதினால் அசட்டுத்தனம்தான். ஆனாலும் பாய்ந்தது.

எந்த இடம் பிடிக்கும் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"பஸ் ஸ்டாண்டு எடங்க. அம்மாவ உட்டுட்டு மங்களம் பஸ் ஏறிடும். பக்கத்து சீட்டு பொம்பள, தூங்கற கொழந்தைய இது மடியில வெச்சிட்டு, மூட்டைய எடுத்தாரப் போவும். மங்களத்துக்கு அழுகை முட்டிகினு கீது. அழுதா கொழந்த முழிச்சிக்கும். அதனால அழாம, திரும்பிக்கூட பாக்காம, அப்டியே உக்காந்துகினு போவும்."

சொல்லும்போது கல்லில் உட்கார்ந்து, கைகளை மடியில் சேர்த்து, உண்மையிலேயே ஏதோ தூங்குவது போல அசையாமல் வைத்திருந்தார்.

நாவலில் பஸ் ஸ்டாண்ட் உண்டு, மடியில் குழந்தை கிடையாது.

ஆக, படித்தவர் இல்லை. இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தார்களே, அதைப் பார்த்தவர். பார்த்துவிட்டுப் படித்தேன் என்கிறார். முதல் பேச்சே பொய். பஜ்ஜி மட்டும் குறைவில்லாமல் உள்ளே போயிற்று.

ஆவணி முடிவதற்குள் பதில் வேண்டுமாம். புரட்டாசி பிறந்தால் பேச்சை எடுக்க மாட்டார்கள். வேண்டாம் என்று இன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?


9.9.91, திங்கள்

கம்பெனி வேன் தாமதம். உட்கார இடமில்லை. நாள் முழுக்க ரப்பர் வாஷர். மடக்கிப் பார், வெடிப்பு தேடு, பெட்டியில் போடு. ரிஜெக்ட் பெட்டி சீக்கிரம் நிறைந்தது. சூப்பர்வைசர்: "இன்னாம்மா வாசுகி, யார் மேல கோவம்? வாஷர் இன்னா பண்ணிச்சி?"

பக்கத்து மேசை ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் தங்காது.

"படம் பாத்தவன் மனுசன் இல்லியாடி? எனக்குக்கூடத்தான் புக்கு புடிக்காது. ஒரு பாட்டு உண்டா, ஒரு சண்டை உண்டா?"

படம் பார்த்தது குற்றமில்லை, படித்தேன் என்றதுதான் குற்றம் என்றேன். பாதி உண்மை. படத்தையும் எனக்குப் பிடிக்காது. அதை நான் பார்த்ததே இல்லை, வேண்டுமென்றே. அந்த போஸ்டர் ஒன்று போதாதா? கதை முழுக்க மங்களம் கறுப்பு என்பதால் வருகிற வினை. போஸ்டரில் உரித்த முட்டை போல ஒருத்தி.

பார்க்காமலே திட்டுகிறாயே என்றாள் ஸ்டெல்லா. மஸ்கட்டிலிருந்து அவள் அண்ணன் வீடியோ டெக் கொண்டுவந்திருக்கிறார். குன்றத்தூர் வீடியோ கடையில் பழைய பட கேசட் கிடைக்குமாம்.

பார்க்கவே போவதில்லை.


10.9.91, செவ்வாய்

தூறல். கேசட் வெளியே போயிருக்கிறது, நாளை வரும். (விசாரித்தது ஸ்டெல்லா, நான் இல்லை. சரி, நான்தான் விசாரிக்கச் சொன்னேன்.)

உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி அலசினேன். குழம்பில் உப்பு இரண்டு முறை. அம்மா: "இன்னாடி ஆச்சி உனக்கு? சரின்னா சரின்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. பெரியம்மா சனிக்கெழம வந்து கேக்கும்."

பைண்டை எடுத்து பஸ் ஸ்டாண்ட் அத்தியாயம் படித்தேன். அம்மா அரைப் பக்கம் புலம்புகிறாள். பிறகு இரண்டே வாக்கியம். "பஸ் கிளம்பியது. மங்களம் திரும்பிப் பார்க்கவில்லை."

இதை எத்தனை பேரிடம் சிலாகித்திருப்பேன். எழுத்து என்றால் இப்படி இருக்க வேண்டும், ஒரு சொல் கூடுதல் இல்லை என்று. இன்று படித்தால் ஏதோ குறைகிறது. பார்க்கவில்லை, சரி. ஏன் பார்க்கவில்லை? கோபமா, வீம்பா? எழுதியவருக்கே தெரியுமா என்று சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் வராத சந்தேகம். எல்லாம் அந்த ஆளால்.


11.9.91, புதன்

ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஸ்டெல்லா வீட்டில் படம். நானும் பொய் சொல்கிறேன், குறித்துக்கொள்ள வேண்டியது.

நா. = நாவல், ப. = படம்.

நா. அப்பா கோர்ட் குமாஸ்தா. ப. எஸ்டேட் முதலாளி. மாடிப்படி இல்லாத வீட்டில் இவர்களால் படம் எடுக்க முடியாது போல.

நா. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டமே. ப. சித்தப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வில்லனாக்கிவிட்டார்கள். கஷ்டம் தீர்ந்தது.

நா. தம்பி காய்ச்சலில் சாகிறான். ப. சாகவில்லை. பாட்டுப் பாடுகிறான்.

ப. சமையல்காரர் காமெடி. கதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் ஒரு இடத்தில்.

மங்களத்தின் நிறம் பற்றி எழுதவே கை வரவில்லை.

ஆனால் ஒன்று. மறைக்காமல் எழுத வேண்டும். படத்தில் அந்த அம்மா புலம்பவே இல்லை. போகாதே என்று தடுக்க ஓடி வந்தவள், ஒன்றும் பேசாமல் மகளின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் முன்னால் நடக்கிறாள். பொலபொலவென்று அழுதுவிட்டேன். எத்தனை முறை படித்தும் அழாத இடம். நாவலை விட அந்த ஒரு இடம் உசத்தி. இதைச் சொல்ல நேர்ந்ததில் எனக்கு ஆத்திரம்தான்.

அடுத்து அந்த இடம். பஸ்ஸின் பின்பக்கம். புழுதி. எங்கேயோ ஒரு குழந்தை அழுது, சட்டென்று நிற்கிறது. அம்மாவின் முகம். உடனே பாட்டு.

மடியில் குழந்தை எங்கே? பக்கத்து சீட்டுக்காரி எங்கே? பஸ்ஸின் உள்பக்கத்தையே காட்டவில்லை. திருப்பி ஓட்டச் சொன்னேன். இல்லை. மறுபடி. இல்லை.

ஸ்டெல்லாவின் அண்ணன்: "கேசட்டுல வெட்டியிருப்பானுங்க." வெட்டின மாதிரி தெரியவில்லை. பிறகு அவர் எதைப் பார்த்தார்?

வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் படத்தையே பார்க்கப் போனேன். இப்போது அதையும் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.


12.9.91, வியாழன்

வெயில். ஷிஃப்ட் முடிந்து வேனில் ஏறவில்லை. ஸ்டெல்லாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட். பட்டறை ஆட்கள் டீ குடிக்கிற கடை எது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும்.

நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, எண்ணெய்க் கறை. என்னைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். சட்டை கையைவிட அழுக்கு.

சுற்றி வளைக்க எனக்கு வராது. "அந்தக் கதையை நீங்க எங்க படிச்சீங்க?"

ரோட்டைப் பார்த்துச் சொன்னார். "படிக்கலங்க. அஞ்சாவதுக்கு மேல போவல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உங்க பெரிம்மாதான், பொண்ணு புக்கு படிக்கும், நீயும் படிக்கிறேன்னு சொல்லுன்னாங்க. சொன்னது தப்புதான்."

"படம் பாத்தீங்களா?"

"அதுவும் பாக்கல. ரேடியோல ஒலிச்சித்திரம் போட்டான். ஞாயித்துக்கெழம மத்தியானம். படத்தோட வசனம், பாட்டு, சத்தம், எல்லாம் வரும் இல்ல, அதான். ஒரு வாரமும் உட மாட்டேன்."

ரேடியோ! காதால் கேட்ட படம்! பஸ் உறுமல், எங்கேயோ ஒரு குழந்தையின் அழுகை, அது நின்ற நிசப்தம். அவ்வளவுதான் கேட்டிருக்கிறது. மிச்சம் எல்லாம் இவர் போட்டது.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் புத்தி. "நீங்க சொன்னது நாவல்ல இல்ல. நேத்து கேசட் போட்டுப் பாத்தேன், படத்துலயும் இல்ல. கொழந்தையே மடியில இல்ல."

முகம் அப்படியே விழுந்துவிட்டது. பொய் பிடிபட்ட முகம் இல்லை. பொய்யை ஒப்புக்கொண்டபோது இப்படி விழவில்லை.

"இல்லியா? நா பாத்தனே" என்றார்.

பிறகு மெதுவாக, "கேசட் எடுத்து செக் பண்ணீங்களா?" என்றார். பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பஸ் வந்தது. ஏறியதும் ஸ்டெல்லா: "நல்லா இருந்த மனுசன ரிஜெக்ட் பெட்டியில போட்டுட்டு வந்துட்ட."

நான் போடவில்லை. நான் கேட்டேன், அவ்வளவுதான்.


13.9.91, வெள்ளி

தூக்கம் சரியில்லை. கண் எரிச்சல்.

யோசித்து முடித்தது: நான் கேட்டது புத்தகம் படிக்கிறவரை. எதற்குக் கேட்டேன்? படித்தால் மனசுக்குள் பார்க்கத் தெரியும் என்றுதானே. நான் மங்களத்தை அத்தனை முறை படித்தும் பஸ்ஸுக்குள் ஏறியதே இல்லை. அம்மாவோடு கீழேயே நின்றுவிட்டேன். இவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதியாயிற்று.

சாயங்காலம் அப்பாவிடம் சம்மதம் சொன்னேன். அவர் அஞ்சாவதுதான், படித்தேன் என்றது பொய் என்பதையும் நானே சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடித்தார். "புக்கு படிக்காதவன் வேணான்னு நீதானம்மா குதிச்ச?" குதித்தேன், இப்போது குதிக்கவில்லை என்றேன். அம்மா அதற்குள் விளக்கேற்றிவிட்டாள்.


14.9.91, சனி

மத்தியானம் பெரியம்மா வந்தாள், மூச்சிரைக்க. நாங்கள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். பையன் வேண்டாம் என்கிறாராம்!

"எல்லாத்தையும் செக் பண்ற பொண்ணாம். அது கூட காலம் தள்ள முடியாதாம், பயமா கீதாம். நீ இன்னாடி கேட்ட அவன? கடையாண்ட போயி நின்னியாமே?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மா புரட்டாசி போகட்டும், ஐப்பசியில் வேறு இடம் பார்க்கலாம் என்று காபி குடித்தாள்.

வேறு இடம் எதற்கு? எனக்கு இந்த இடம்தான் வேண்டும்.

அவமானம் ஒரு பக்கம். அதைவிடக் கோபம். நான் அவரை மட்டமாக நினைப்பேன் என்று அவர் எப்படி முடிவு கட்டலாம்? என்னைக் கேட்டாரா? செக் பண்ணினேன், ஆமாம். பாஸ் பண்ணியதைச் சொல்வதற்குள் ஓடிவிட்டால் நான் என்ன செய்ய?

மாவாட்டினேன். கை வலி. இன்னும் கோபம்.


15.9.91, ஞாயிறு

மூட்டம். மலைக்கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடித்தேன். அங்கிருந்து பிள்ளைப்பாக்கம். ஊர் முனையில் வீடு கேட்டதும் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை காட்டினார்கள். இனி ஊருக்கே தெரியும். தெரியட்டும்.

அவர் அம்மா முறத்தோடு வாசலில். ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, "வா கண்ணு, உள்ள வா" என்றாள். அவர் உள்ளே ரேடியோ பக்கத்தில் தரையில். எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"வேணாம்னு சொன்னீங்களாமே. ஏன்னு எங்கிட்ட சொல்லுங்க."

தலை குனிந்தபடி சொன்னார். "நீங்க படிச்சிகினே இருப்பீங்க. நா எதுனா சொல்வேன். அது தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிகினே இருக்கும். தினமும் அதே வேலையாப் பூடும்."

"தப்புன்னு யார் சொன்னது? இல்லன்னுதான் சொன்னேன். அந்தக் கொழந்தைய எழுதினவரே வெச்சிருக்கணும். அவருக்குத் தோணல."

நிமிர்ந்து பார்த்தார். மணி ஆகிவிட்டது, ஒலிச்சித்திரம் ஆரம்பித்துவிட்டது. நான் கேள்விப்படாத படம். அவருக்கும் புதுசு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் தள்ளி உட்கார்ந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ சண்டை போட்டு அவன் போய்விட்ட கதை. பாதியில் வசனம் நின்றது. கதவு கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

"இப்ப இன்னா நடக்குது?" என்றேன்.

"தெரியாது."

காத்திருந்தேன்.

"அவரு வந்துட்டாரு" என்றார், குரலே எழும்பாமல். "உள்ள வரல. வாசல்லயே நிக்கிறாரு. கூப்புடுவாளான்னு."

"இல்ல. உள்ளே வந்துட்டார். அவதான் முகத்தைத் திருப்பிக்கிட்டா."

"வந்தா நடக்கற சத்தம் கேக்கும் இல்ல?"

"தரையில பாய் விரிச்சிருந்தா?"

"பாய்ல ஏன் நடக்கறாரு? சுத்தி வரட்டுமே."

"கோவத்துல வர்றவர் பாயைப் பாத்தா நடப்பார்?"

"கோவம் இன்னா கோவம்? தப்பு அவர் மேல. நீங்க மொதல்ல இருந்து கேக்கவே இல்ல!"

"நான் கேக்கலையா?"

ரேடியோவில் அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து அவர் அம்மா சத்தம் போட்டாள். "இன்னும் தாலியே கட்டல. அதுக்குள்ள இன்னா சண்டை ரெண்டு பேருக்கும்?"