மருந்து டின்னில் நட்ட ஜெரேனியம்

என் பிரியமான அண்ணா,

நீங்கள் கண்மூடி மூன்று மாதம் ஆகிறது. உங்கள் செடிகளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் அவற்றைப் பார்த்துக்கொண்ட லட்சணத்துக்கு, நீங்கள் இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டீர்கள்.

நாகலூரில் கூலியாட்கள் வரிசை வீடுகளில், மேல் லைனில் இருந்த உங்கள் வீட்டை எஸ்டேட்டில் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழு ஜெரேனியம் பூச்செடியையும் கீழ் லைனுக்கு நானே சுமந்து வந்தேன். தொட்டிகள் எல்லாம் விரிசல். என் வீட்டுக்காரர் பூச்சிமருந்து ஷெட்டிலிருந்து காலி டின்கள் கொண்டுவந்தார். லைனில் எந்த வாசலில்தான் மருந்து டின்னில் பூ இல்லை? ஆனால் மற்றவர்கள் இரண்டு மழைக்காலம் வெளியே கிடந்து துருப்பிடித்த டின்னைத்தான் எடுப்பார்கள். எனக்கு எதிலும் அவசரம். முந்தின நாள் காலியானதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடியில் ஓட்டை போட்டு, அதில் நட்டுவிட்டேன்.

மறுநாளே வாடின. இடம் மாறிய செடி பத்து நாள் சுணங்கும் என்பீர்களே, அந்த நம்பிக்கையில் இருந்தேன். மொட்டைக் கிள்ளினேன். கூரை நிழலில் வைத்தேன். விரல் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். எரு போடவில்லை. பத்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. ஒன்றைப் பிடுங்கினேன். தகரத்தைத் தொட்ட வேரெல்லாம் கறுப்பு. மண்ணில் உங்கள் சட்டை வாசம் அடித்தது. காப்பிச் செடிக்கு மருந்தடித்துவிட்டு வருவீர்களே, அந்தச் சட்டை.

கறுத்த வேரை வெட்டி, மிச்சத்தைக் கழுவி, இலைமக்கும் மணலும் கலந்து புது மண்தொட்டிக்கு மாற்றினேன். மூன்று துளிர்த்துவிட்டன. நான்கு போய்விட்டன. எனக்கு அதில் சந்தோஷமே வரவில்லை.

நீங்கள் போன மறுவாரமே உங்கள் ஸ்பிரேயரை என் வீட்டுக்காரர் தோளில் மாட்டிவிட்டார்கள், அண்ணா. வெறுங்கையால்தான் மருந்தைக் கலக்குகிறார். அந்தக் கையால்தான் சோறு. நீங்கள் குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்ததும் மருந்து டின்னில்தானே? எத்தனை வருஷம்?

போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து அவருக்கு டீ கொடுத்தேன். டம்ளர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு, குளுருக்கு நடுங்குது" என்றார்.

மே மாதம், அண்ணா. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் போய் நின்றேன். "ஏனுங்க, எங்கூட்டுக்காரருக்கு வேற வேல போட்டுக் குடுங்க" என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மருந்தடிக்க ஆளில்லைங்க. முடியாதுன்னா லைன் ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இருக்கிற கூரையையும் நான் கெடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறார். எனக்கும் பயம்தான்.

போன வருஷம் உங்கள் கை நடுங்கியபோது, கிழவனாகிவிட்டீர்கள் என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கேலி செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஒருநாளாவது மருந்தடிக்கப் போக வேண்டாம் என்று சொன்னேனா?

திங்கட்கிழமை அடுத்த சுற்று மருந்து ஆரம்பம். காலையில் ஷெட் வாசலில் என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிடும்போது நான் அங்கே நிற்பேன். வரமாட்டார் என்று என் வாயால் சொல்வேன். அன்றைக்கே சாமானைத் தெருவில் வைத்தாலும் சரி, இவரை அந்த ஷெட்டுக்குள் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்களைத் தடுக்காமல் விட்ட தங்கை,
ரெஜினா