இன்சுலின் என்றால் தீவு

இன்று காலை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையில் தேய்த்தபோது அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். உன் அண்ணனுக்கு மாற்றலாகி, கிள்ளானுக்கு நாங்கள் குடிவந்த இந்த வீட்டை நீ பார்க்கவேயில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் அண்ணனும் நீயும் நானும் இருந்தபோதுதான் எனக்கு நீரிழிவு என்று தெரிந்தது. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனேன். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். நான் மாட்டேன் என்றேன். உன் அண்ணன் கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

நீ வற்புறுத்தவில்லை. "அண்ணி, எதுக்குப் பயப்படுறீங்க?" என்று மட்டும் கேட்டாய்.

"பேரே வெஷம் மாதிரி இருக்கு. புரியாத ஒண்ண எப்படி உடம்புல ஏத்திக்கிறது?"

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், நர்ஸ் உடையைக்கூட மாற்றாமல் நேரே அடுப்படிக்கு வந்தாய்.

"வெள்ளைக்கார டாக்டரையே கேட்டுட்டேன் அண்ணி. நர்சுக்கு எதுக்கு லத்தீன்னு சிரிச்சாரு. ஆனா சொன்னாரு. இன்சுலான்னா தீவாம்."

சப்பாத்திக்குப் பிசைந்திருந்த மாவை நீளமாக உருட்டி, அங்கங்கே கடுகைப் பதித்தாய். "வயித்துல இருக்கிற கணையம் இது. கடுகெல்லாம் குட்டித் தீவுங்க. அங்க ஊறுறதாலதான் இன்சுலின்னு பேரு. வெஷம் இல்ல அண்ணி, எல்லார் உடம்புலயும் இருக்கிறதுதான். உங்களுக்கு ஊறல, அவ்வளவுதான்."

மருந்தை மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் நீ மறைக்கவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்து, "பால் குடுக்கிற மாதிரி இதையும் குடுக்குதுன்னு நினைச்சுக்குங்க" என்றாய்.

மாவில் பதிந்திருந்த கடுகு ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு, "சரி, போடு" என்றேன். முதல் ஊசியை நீதான் போட்டாய்.

இரண்டே மாதத்தில் உடம்பு தேறி, என் ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. என் கையிலிருந்த தையல் ஊசியை வாங்கி நீயே தைத்துக் கொடுத்தாய்.

டைபாய்டு வார்டில் வேலை பார்த்து, அதே காய்ச்சலில் நீ போனாய். நோயாளி நான், போனது நீ. வெகுநாள் அது எனக்கு ஆறவில்லை. இப்போது உன்னை நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

போன வாரம் இங்குள்ள டாக்டர் உன் அண்ணனின் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, நீளமாக ஒரு பெயர் சொன்னார். இவர் வெளுத்துப்போனார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அதுக்கு என்ன அர்த்தம், டாக்டர்?"

அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல இவருக்கு மூச்சு சீராக வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை.

வீடு திரும்பும் வழியில் உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே என் தங்கச்சி மாதிரியே கேட்ட," என்றார்.